ரங்கூனில் கையைக் கடிக்காமல் ஒரு பிறந்தநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் சமையல்கட்டில் பல ஆண்டுகளாகக் கரண்டி பிடிக்கிறவள் என்பதால், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் நெருங்கும் வீடுகளிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்துவிடும். “அக்கா, பையனுக்கு ஐந்து முடிகிறது. ஐம்பது பேர் வருவார்கள். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?” எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கெல்லாம் ஐம்பது பேருக்கு. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

கியாட் கணக்கில் சொல்ல மாட்டேன். எண்ணெய்க்கும் அரிசிக்கும் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்றிருக்கும் ஊரில் விலைப்பட்டியல் எழுதினால், மை காய்வதற்குள் அது பொய்யாகிவிடும். அளவு மட்டும் மாறாது. ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் வீசையும் பால்டின்னும்தான். வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக: இங்கே ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. பர்மியர் அதைப் பெய்தா என்பார்கள். ஆங்கிலேயர் ‘விஸ்’ என்று எழுதிவைத்தது நம் வீசையைத்தான். அரிசிக்குப் பியி. கெட்டிப்பால் டின்னால் எட்டு டின் தலைதட்டி அளந்தால் ஒரு பியி, கிட்டத்தட்ட இரண்டு கிலோ.

அளவை எழுதிக்கொண்டு, விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு கடைத்தெருவுக்குப் போய் அன்றைய விலையைப் பக்கத்தில் குறியுங்கள். கூட்டி வரும் தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அதைத் தொடாமல் விசேஷம் முடிந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

செலவைக் குறைக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள் என்றால்?

காலையில் வையுங்கள். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் மூத்தவனுக்கு ஆறு முடிந்தபோது எல்லோரையும் போல மாலை ஆறு மணிக்கு வைத்தோம். அன்று எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரும் முறை மாலை ஐந்திலிருந்து என்று நம்பியிருந்தோம். ஐந்துக்கு வரவில்லை, ஆறுக்கும் வரவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். எண்ணெய் எங்கள் பொறுப்பு என்பதால் அதுவும் வாங்கினோம். கடையில் சொல்லிச் செய்த மூன்றடுக்கு கிரீம் கேக் மேசை மேலேயே ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. மேலே எழுதியிருந்த பெயரில் கடைசி எழுத்து வழிந்து தட்டில் விழுந்தது. பையன் அதை விரலால் தொட்டு நக்கிவிட்டு, “அம்மா, என் பெயர் இனிப்பாக இருக்கிறது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. நேரமாவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று பாதிப் பேர் ஏழரைக்கே கிளம்பிவிட்டார்கள். அண்டா நிறைய பிரியாணி கிடந்தது.

மறுநாள் என் மாமியார் கேட்டார்: “சூரியன் இருக்கும்போது ஜெனரேட்டர் எதற்கம்மா?” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பிறந்தநாளும் காலையில்தான். விளக்கு வேண்டாம், விசிறி வேண்டாம், ஐஸ் வேண்டாம். விருந்தாளி பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். காலைச் சாப்பாடு ஒரு கிண்ணத்தோடு முடிகிறது. மாலை என்றால் சோறு, இரண்டு கறி, பொரியல், அப்பளம் என்று இலை நீண்டுகொண்டே போகும். பர்மியர் வீடுகளில் பிறந்தநாளுக்குக் காலையில் அண்டை வீட்டாரை அழைத்து மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், கொடுப்பது வெகுகாலமாக உள்ள வழக்கம். ஆகவே, காலையில் அழைத்தால் இவர்களிடம் பணமில்லை போலிருக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இந்த ஊரில் அது கௌரவமான அழைப்புதான்.

எத்தனை பேரை அழைப்பது?

ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். குடும்பத்தை ஒரு வரியாக எழுதாமல் தலை தலையாக எழுதுங்கள். ‘தாமுவே சித்தப்பா வீடு’ என்பது ஒரு வரி, ஆனால் ஏழு வாய். எழுதி முடித்தபின் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பிள்ளைக்கு அவரைத் தெரியுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். என் மகள் தன் பட்டியலில் எங்கள் தெருவில் ஐஸ் உடைத்து விற்பவரைச் சேர்த்தாள். என் கணவரின் அலுவலக மேலாளரை நீக்கினாள். மேலாளரைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐஸ்காரரும் வந்தார்.

என்ன சமைக்கலாம்?

மொஹிங்கா. ஓன்னோ கவுசுவே இல்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் கவுசுவேதான் வேண்டும் என்பார்கள். கவுசுவேயில் கோழியும் தேங்காய்ப்பாலும் சேர்கின்றன. இரண்டும் விலை அதிகம். தவிர, தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். குளிர்பெட்டியை நம்ப முடியாத நாளில் அது ஆபத்து. மொஹிங்காவோ அடுப்பிலேயே கிடந்து கொதிக்கக் கொதிக்க ருசி ஏறுகிற பண்டம்.

ஐம்பது பேருக்கு நான் போடும் அளவு: கெளுத்தி மீன் இரண்டு வீசை, வெங்காயம் ஒன்றரை வீசை, வறுத்த கடலை மாவு அரை வீசை, வறுத்துப் பொடித்த அரிசி அரை வீசை, கையளவு தடிமனில் ஒரு முழ நீள வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல் இரண்டு கட்டு, பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய், மீன் சாஸ். மேலே போட முட்டை இருபத்தைந்து. ஆளுக்கு அரை முட்டை போதும். மெல்லிய அரிசி நூடுல்ஸ் ஆறு வீசை. இதை மட்டும் முதல் நாளே வாங்கி வைக்காதீர்கள், புளித்துப் போகும். நூடுல்ஸ் போடுகிறவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி, விடிகாலை ஆறு மணிக்கு வாசலுக்குக் கொண்டுவரச் செய்யுங்கள்.

செய்முறையை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரம்தான் முக்கியம். மீனை முதல் நாள் மாலை வாங்கி, மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் போட்டு வேகவைத்து, முள் எடுங்கள். முள் எடுக்கும் வேலைக்கு நான்கு பேர் வேண்டும். உறவில் பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிற பெரியம்மாக்களை அன்று மாலையே வரச்சொல்லிவிட்டால் வேலையும் முடியும், ஊர்க்கதையும் முடியும். சதையை வெங்காயத்தோடு எண்ணெயில் நன்றாக வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கவிச்சி போகாது. வதக்கியதைச் சாற்றில் சேர்த்து, மாவுகளைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, இரவு பத்து மணிக்குள் குழம்பை முடித்துவிடுங்கள். பிறகு கரி அடுப்பில் விடியும்வரை ஆவி பறக்கும் சூட்டிலேயே இருக்க வேண்டும். கரி அணைந்து குழம்பு ஆறிப்போக விடக்கூடாது. யாராவது ஒருவர் நடுவில் எழுந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மாமனார். எப்படியும் இரண்டு முறை எழுகிறவர். நாலரைக்கு மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டு வாழைத்தண்டைச் சேருங்கள்.

மேலே நொறுக்கிப் போடும் பருப்புப் பொரியலை, பேஜோ என்பார்களே, அதைக் கடையில் வாங்காதீர்கள். அது நம் பருப்பு வடையின் ஒன்றுவிட்ட தம்பி. மாவைக் கொஞ்சம் நீர்க்க விட்டுத் தட்டினால் வந்துவிடும். சுரைக்காய் பஜ்ஜியும் அதே எண்ணெயில்.

இல்லை, பிரியாணி இல்லாமல் பிறந்தநாளா என்கிறார் என் மாமனார்.

அவரை எதிர்க்க வேண்டாம். பகல் பதினொரு மணிக்கு வைத்து, ஒரே அண்டாவில் தம்பவுக், அதாவது பர்மா பிரியாணி, போடுங்கள். ஒரு பால்டின் அரிசி இரண்டு பேருக்கு. ஐம்பது பேருக்கு மூன்றரைப் பியிக்குள் அடங்கிவிடும். கோழி ஐந்து வீசை, ஆளுக்கு ஒரு துண்டு. துண்டு போடும்போது நீங்களே நின்று வெட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் கையில் விட்டால் நாற்பது துண்டுதான் வரும். கூட முட்டைக்கோஸும் புதினாவும் அரிந்து பிசைந்த பச்சடி, ஒரு புளிப்பு ரசம், மாங்காய் ஊறுகாய். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ‘ஒரு குருமாவும் இருக்கட்டும்’ என்று யாராவது சொல்வார்கள். அந்தக் குருமாதான் கணக்கைக் கவிழ்க்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள். தனித்தனியாகச் சமைக்க வேண்டுமா?

மாட்டிறைச்சியையும் பன்றியையும் விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம்மவரைப் போலவே பர்மியரிலும் மாட்டிறைச்சி தொடாதவர் நிறைய உண்டு. கோழி என்றால் ஹலால் கடையிலேயே வாங்குங்கள், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம். மொஹிங்காவில் மீன் என்பதால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

சைவத்துக்கு ஒரு சின்னப் பானை தனியாக வேண்டும். மீனுக்குப் பதில் காளானும் வேகவைத்த கொண்டைக்கடலையும், மீன் சாஸுக்குப் பதில் சோயா. கரண்டியைத் தனியாக வையுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பானைக்கு அருகில் பொறுப்பான ஒருவரை நிறுத்துங்கள். ஒரு குழந்தை மீன் குழம்புக் கரண்டியை அதில் விட்டுக் கலக்கிய நாளில், ஆடி வெள்ளி விரதம் இருந்த எங்கள் அத்தை வெறும் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

கேக்?

பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். ஊதி அணைப்பதற்கும் வெட்டுவதற்கும் சின்னதாக ஒன்று, கிரீம் இல்லாமல். ஐம்பது பேருக்கும் பங்கு வைக்கிற பெரிய கேக்கைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பங்கு வைப்பதற்கு சனுவின்மகின் செய்யுங்கள். நம் கேசரி பர்மாவில் வளர்ந்து, அடுப்புத் தணலில் வெந்து, முறுகிய மேல்தோலோடு வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. அளவு சுலபம்: எந்தக் கிண்ணமானாலும் ரவை ஒன்று, தேங்காய்ப்பால் இரண்டரை, சர்க்கரை முக்கால், ஒரு சிட்டிகை உப்பு. ரவையை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, பாலில் அரைமணி ஊறவிடுங்கள். பிறகு அடுப்பில் வைத்து, நெய்யோ எண்ணெயோ விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கை வலிக்கும். சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கி, எண்ணெய் தடவிய தட்டில் கொட்டிச் சமன் செய்து, மேலே கசகசாவைத் தூவுங்கள்.

ஓவன் வேண்டாம். தட்டை மெல்லிய தணலின் மேல் வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின் மேலும் எரிந்த கரியைப் பரப்புங்கள். மேல் சூடு கீழ்ச் சூட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கால் மணிக்கொரு முறை மூடியைத் தூக்கிப் பாருங்கள். கசகசா பழுப்பாகி, தேங்காயெண்ணெய் ஓரத்தில் கசிந்து, தெருவில் போகிற பிள்ளைகள் வாசலில் நின்றால் வெந்துவிட்டது என்று பொருள். முழுக்க ஆறியபின்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உதிரும். முதல் நாள் மாலை செய்து, மூடிக் காற்றாட வைத்தால் காலைக்குச் சரியாக இருக்கும். சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு பெரிய தட்டில் வயதின் எண் வடிவத்தில் அடுக்குங்கள். எட்டு போடுவது கொஞ்சம் கஷ்டம். ஏழு மிகவும் சுலபம்.

குடிக்க?

இருபது லிட்டர் குடிநீர்க் குடம் இரண்டு. சின்ன பாட்டில்கள் வாங்கினால் பாதி குடித்ததும் பாதி குடிக்காததுமாக வீடெங்கும் உருளும், எது யாருடையது என்று தெரியாது. இனிப்புப் பானத்துக்குப் பானகம். பகான், பக்கோக்கூ பக்கத்துப் பனைவெல்லம், தன்யெட், கடைத்தெருவில் கிடைக்கிறதே, அதைக் கரைத்து எலுமிச்சையும் ஏலமும் சுக்கும் போட்டால் போதும். பெரியவர்களுக்குக் கடைசியில் ஒரு தட்டு லபெத், ஊறவைத்த தேயிலை, வறுத்த பருப்பும் எள்ளும் கூட வைத்து. வந்தவர் உட்கார்ந்து பேசட்டும் என்றால் லபெத் வையுங்கள். கிளம்பட்டும் என்றால் வைக்காதீர்கள்.

வீடா, மண்டபமா, கோவிலா?

வீட்டு வாசலில் இடம் இருந்தால் அதுதான். பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் பேட்டையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பந்தலைப் பர்மியர் மண்டாட் என்பார்கள், நம் மண்டபம் என்ற சொல்லின் உறவுதான். காலை விசேஷமானால் தெற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் மட்டும் நிழல் போட்டால் போதும். பாத்திரம் வாங்கும்போது எண்ணி வாங்கி, திருப்பும்போது அவர்கள் எதிரிலேயே எண்ணிக் கொடுங்கள். ஒரு கரண்டி குறைந்ததற்கு ஒரு டஜன் விலை கேட்ட கதை எங்கள் தெருவில் உண்டு.

மண்டபம்தான் என்றால் வாசோ முதல் ததிஞ்யூட் வரை, அதாவது ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, பேரம் பேசலாம். பௌத்தர்கள் அந்த மூன்று மாதமும் திருமணம் வைப்பதில்லை, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். ஆனால் அது கொட்டும் மழைக்காலம். வாசலில் தண்ணீர் தேங்குகிற மண்டபமா என்று மழை நாளிலேயே போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது கோவில். பிள்ளை பெயருக்கு அர்ச்சனை செய்து, ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கலுக்கும் சுண்டலுக்கும் பணம் கட்டிவிட்டால், அழைத்தவரும் அழைக்காதவரும் சாப்பிடுவார்கள். மீனுக்கும் முட்டைக்கும் இடமில்லை, பாட்டு வைத்து ஆட முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பிறந்தநாள் போலவே தோன்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வயதுக்கும் அறுபது வயதுக்கும் கோவில் மிகப் பொருத்தம்.

சமைக்கவே நேரமில்லை. பத்துப் பேர்தான். என்ன செய்ய?

காலை எட்டு மணிக்குத் தேநீர்க்கடை. பட்டாணி போட்ட பலாட்டா, சமூசா தோக், பால் தேநீர். எச்சரிக்கை ஒன்று. மேசையில் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எடுத்ததற்கு மட்டும் காசு கேட்பது நம் தேநீர்க்கடை வழக்கம். பெரியவர்களுக்கு அது லாபம். பிள்ளைகள் மேசைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், தட்டுகளை வைக்கவிடாமல் முதலிலேயே சொல்லி வாங்குங்கள்.

அலங்காரத்துக்கு?

மாவிலைத் தோரணம், இரண்டு வாழைக்கன்று, வாசலில் கோலம். பலூன் ஆசைப்பட்டால் இருபது போதும், வாயால் ஊதுகிற அளவு. கலர்த் தாளும் நூலும் தெஞ்ஜி சந்தைப் பக்கம் மொத்தமாக வாங்கினால் மலிவு. வெட்டுகிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். கோணலாகத்தான் வரும்.

பிள்ளைகளை இரண்டு மணி நேரம் எப்படிச் சமாளிப்பது?

வேடிக்கை காட்டுபவரை அழைக்க வேண்டாம். அரைத்து முகத்தில் பூசுகிற தனக்கா கட்டை ஒன்றும் இரண்டு கல்லும் போதும். எங்கள் வீட்டில் முற்றத்தில் பாய் விரித்து, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைப்போம். ஒருவர் கல்லில் தண்ணீர் தெளித்துக் கட்டையை வட்டமாக அரைக்க வேண்டும், மற்றவர் பழைய பல்துலக்கியால் எதிரில் இருப்பவரின் கன்னத்தில் படம் போட வேண்டும். இலைதான் வழக்கம், ஆனால் மீனும் வரும், மோட்டார் சைக்கிளும் வரும். ஒருமுறை ஒரு பயல் தன் தங்கையின் முகம் முழுவதும் பூசிவிட்டு, இது நிலா என்றான். தனக்கா காய்ந்து இறுகும்வரை சிரிக்கக் கூடாது, சிரித்தால் வெடிக்கும், வெடித்தால் தோற்றுப்போனார்கள். இந்த ஒரு விதியிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். தெருவில் வயதான பாட்டி ஒருவரை நடுவராக உட்காரவையுங்கள். அவர் எல்லோருக்கும் முதல் பரிசு கொடுப்பார், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

பெரிய பையன்களுக்கு ஒரு பிரம்புப் பந்து. சின்லோன் ஆடத் தொடங்கினால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். நாற்காலி சுற்றும் விளையாட்டில் பாட்டுக்குப் பதில் கைதட்டல் வைத்துக்கொள்ளலாம், மின்சாரம் தேவையில்லை.

வரும் பிள்ளைகளுக்குத் திரும்ப ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கொடுக்காவிட்டால் ஒன்றும் குறையாது. கொடுப்பதென்றால் ஒரு நோட்டும் பென்சிலும். மறுநாளே உடைகிற பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்தை என் வாசற்படி தாண்ட விடுவதில்லை.

முதல் பிறந்தநாள். மொட்டை, காதுகுத்து எல்லாம் சேர்த்து வைக்கலாமா?

கட்டாயம் சேர்த்து வையுங்கள். தனித்தனியாக வைத்தால் ஒரே ஐம்பது பேருக்கு மூன்று முறை இலை போட வேண்டும். காலையில் கோவிலில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி, வீட்டுக்கு வந்து கேக் வெட்டலாம். பர்மியர் வீடுகளிலும் பெண்பிள்ளைகளுக்குக் காதுகுத்து விழா உண்டு. அவர்கள் அதை அண்ணன் தம்பிகள் மடத்துக்குப் போகும் ஷின்பியு சடங்கோடு சேர்த்தே நடத்திவிடுவார்கள். அண்டை வீட்டாருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. ஒன்றே ஒன்று: காது குத்திய உடனே போட்டோ எடுக்க நினைக்காதீர்கள். அழுகை நிற்க அரைமணி ஆகும்.

விருந்துக்குப் பதில் தானம் செய்யலாம் என்றிருக்கிறோம்.

இந்த நாட்டில் பிறந்தநாளுக்குப் பொருத்தமான முறை அதுதான். பிறந்தவர் வாங்குவதைவிடக் கொடுப்பதே இங்கே வழக்கம். மடத்துக்குச் சாப்பாடு கொடுப்பதென்றால் நண்பகலுக்குள் முடித்தாக வேண்டும். பிக்குகள் அதற்குப்பின் உண்பதில்லை. மறுபடியும் காலைதான், பாருங்கள். அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கென்றால் முன்கூட்டியே போய் எத்தனை பேர், யாருக்கு எது ஆகாது என்று கேட்டு, நாளைக் குறித்துவிட்டு வாருங்கள். நீங்களே எல்லாவற்றையும் சுமந்துபோக வேண்டியதில்லை. அரிசியும் எண்ணெயும் கொடுத்து அவர்களையே சமைக்கச் சொன்னால் வண்டி வாடகை மிச்சம்.

ஒரு காசும் செலவில்லாதது ஒன்று. ஷ்வேடகோன் பகோடாவில் கோபுரத்தைச் சுற்றி எட்டுக் கிழமை மூலைகள் உண்டு. புதன்கிழமையைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்ததால் எட்டு. ஞாயிறு கருடன், திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், புதன் காலை தந்தமுள்ள யானை, புதன் மாலை தந்தமில்லாத யானை, வியாழன் எலி, வெள்ளி கினிப்பன்றி, சனி நாகம். பிள்ளை பிறந்த கிழமையின் மூலையில் நின்று, வயதைவிட ஒரு குவளை கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் நட்சத்திரத்துக்குக் கோவில், கிழமைக்கு ஷ்வேடகோன். என் மகள் வெள்ளிக்கிழமை பிறந்தவள். ஒவ்வோர் ஆண்டும் “அண்ணனுக்கு மட்டும் புலி, எனக்கு ஏன் கினிப்பன்றி?” என்று வழக்குப் போடுவாள்.

வெளியூர் உறவினர் காலை ஏழு மணிக்கு எப்படி வருவார்கள்?

காலைத் திட்டத்தில் ஓட்டை இருப்பது இங்கேதான். ஜியாவடியிலிருந்தோ மோல்மீனிலிருந்தோ வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்கியாக வேண்டும். இரவு தங்கும் விருந்தாளியின் விவரத்தை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அடையாள அட்டையை எடுத்துவரும்படி அழைப்பிலேயே சொல்லிவிட்டு, பகல் நேரத்திலேயே போய்ப் பதிந்துவிடுங்கள். நான்கு பேருக்கு மேல் வெளியூர் ஆட்கள் என்றால் தம்பவுக்கோடு பகல் பதினொன்று நல்லது. எல்லோரையும் தங்கவைத்து இரவும் சோறு போட்டால், காலையில் மிச்சப்படுத்தியது அங்கே கரைந்துவிடும்.

மொய் வரும் என்று நம்பிச் செலவு செய்யலாமா?

கூடாது. நம்மவர் கவரில் வைத்துக் கொடுப்பார்கள், சிலர் பொம்மை கொண்டுவருவார்கள், சிலர் கையை வீசிக்கொண்டு வருவார்கள். மூவருக்கும் ஒரே கிண்ணம்தான். கடன் வாங்கி வைத்து மொய்யில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்ட வீடு ஒன்றை எனக்குத் தெரியும். அன்று மழை கொட்டியது, வரவேண்டியவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். சின்னச் சீட்டு ஒன்று போட்டு, பிள்ளை பிறந்த மாதத்தில் எடுக்கும்படி முன்கூட்டியே பேசி வைப்பது மேல்.

மிச்சமான குழம்பை என்ன செய்வது?

நூடுல்ஸ் மிஞ்சினால் அன்று பகலுக்குள் தீர்த்துவிடுங்கள். எண்ணெய், வறுத்த கடலை மாவு, புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் போட்டுக் கையால் பிசைந்தால் தோக். நம் உறவுக்காரர்கள் சென்னைக்குக் கொண்டுபோய் அத்தோ என்று பெயரிட்டு விற்கிறார்களே, அதேதான். குழம்பு மிஞ்சினால் நன்றாகக் கொதிக்கவைத்து, பத்தரை மணிக்குள் தூக்குவாளியில் ஊற்றி, வர முடியாதவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் தெருக்கோடியில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார். முதல் வாளி அவருக்கு. பிறந்தநாள் பிள்ளையேதான் எடுத்துப்போக வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. வாளியைத் திருப்பித் தரும்போது உள்ளே ஒரு மிட்டாய் கிடக்கும்.